அமுக்கு... விடு!

தமிழ் சினிமாவில் குளத்தில் மூழ்கியவரைக் காப்பாற்றுவது ரொம்ப சுலபம். கரையில் கிடத்தி வயிற்றை நாலு அமுக்கு அமுக்குவார்கள். வாயிலிருந்து நீரூற்று. இருமிக்கொண்டே கண்விழித்து, "நான் எங்கே இருக்கேன்?" என்பார். அடுத்த சீனில் டூயட்.

இதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கண்மாய்க் கரையிலும் கிணற்றடியிலும் இன்னமும் அதே வைத்தியம்தான். சிலர் ஒரு படி மேலே போய், பையனைத் தலைகீழாகத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார்கள். இரண்டுமே தப்பு சார். வயிற்றிலிருந்து வருவது அவன் குடித்த தண்ணீர். அதை எடுத்தால் நின்ற இதயம் ஓடாது. அதற்குள் போவது நேரம்.

அமுக்க வேண்டியது நெஞ்சை. 1960-ல் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்று மூன்று பேர் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். இதில் கௌவன்ஹோவன் டாக்டரே இல்லை, எலெக்ட்ரிகல் இன்ஜினியர்! ஷாக் கொடுக்கும் கருவியை ஒரு நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தியபோது, ஷாக்குக்கு முன்பே ரத்த அழுத்தம் லேசாக ஏறுவதை நிக்கர்பாக்கர் பார்த்துவிட்டார். சி.பி.ஆர். பிறந்த கதை இதுதான்.

அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரே அளவு. இத்தனை சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு இத்தனை தடவை. ரெடிமேட் சட்டை மாதிரி. 'அளவெடுத்துத் தைத்தால் என்ன?' என்று கேட்டவர்கள் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் பெர்க், ராபர்ட் சட்டன் குழுவினர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பல குழந்தைகளுக்கு ரத்தக் குழாயில் மெல்லிய டியூப் ஒன்று செருகியிருப்பார்கள். அழுத்தம் நொடிக்கு நொடி திரையில் ஓடும். இதயம் நின்றதும் நெஞ்சை அமுக்குகிறவர், அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே அமுக்கலாமே?

எந்த எண்ணைப் பார்ப்பது? நமக்கு 120/80 என்று எழுதித் தருவார்களே, அதில் கீழே இருக்கும் எண்ணை. அங்கேதான் விஷயம். ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பும் இதயம், தன் பங்கில் பெரும்பகுதியைச் சுருங்கும்போது எடுத்துக்கொள்வதில்லை. விரியும்போதுதான் எடுத்துக்கொள்ளும். அதாவது நாம் அமுக்கும்போது அல்ல, கையை விடும்போது! சைக்கிள் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி முழுசாக மேலே வராவிட்டால் அடுத்த அழுத்தில் காற்று ஏது?

2018-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சி.பி.ஆர். பெற்ற 164 குழந்தைகளின் கணக்கு இருந்தது. கீழ் எண் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 25, பெரிய குழந்தைக்கு 30 என்ற அளவுக்குக் குறையாமல் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

அப்புறம் வந்தது பெரிய பரீட்சை. 18 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். படுக்கைக்குப் பக்கத்திலேயே பொம்மையை வைத்து டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் அடிக்கடி பயிற்சி, மாதாமாதம் நடந்ததை அலசும் கூட்டம். 2022-ல் ரிசல்ட். பயிற்சி தந்த காலத்தில் மூளை பழுதாகாமல் வீடு திரும்பியவர்கள் 53.8 சதவீதம். தராத காலத்தில்? 52.4. ஃபெயில்!

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த 1.4 வித்தியாசத்தைவிட அந்த 52.4-தான் பெரிசாகத் தெரிகிறது. இதயம் நின்ற குழந்தைகளில் பாதிக்கு மேல் நல்லபடியாக வீடு போயிருக்கின்றன. காரணம், நின்ற நொடியிலேயே கைகள் தயாராக இருந்தன. ஏற்கெனவே 'ஏ' கிரேடு வாங்கும் கடையில் புது கணக்குப் புத்தகம் போட்டால் லாபம் எவ்வளவு ஏறிவிடும்?

நம் கண்மாயில் விழும் பையன் கையில் டியூப் இருக்காது, திரையும் இருக்காது. ராஜபாளையத்தை ஒட்டி சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. அங்கே கண்டுபிடித்ததில் இந்த ஒரு சங்கதியாவது நம் ஊருக்கு வரட்டும்: ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக எழும்ப விடுங்கள். பதற்றத்தில் மேலேயே சாய்ந்துகொண்டிருக்காதீர்கள்.

மீதியும் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் சஞ்சீவி மலையே இருக்கிறது. ஆனால் மூலிகை தேட அவகாசம் கிடையாது. நாலைந்து நிமிஷத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். குழந்தை அசையவில்லை, மூச்சு இல்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே ஆரம்பியுங்கள். பெரியவர்களுக்கு மாரடைப்பு என்றால் அமுக்கினாலே போதும் என்பார்கள். நீரில் மூழ்கிய குழந்தைக்கு மூச்சும் வேண்டும், அதுவும் முதலில். வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊதுங்கள், மார்பு எழும்புகிற அளவுக்கு. பிறகு நடு நெஞ்சில் 30 அமுக்கல், 2 மூச்சு. கைக்குழந்தைக்கு 4 சென்டிமீட்டர் ஆழம், பெரிய பிள்ளைக்கு 5. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. விலா எலும்பு உடையுமோ என்று பயப்படாதீர்கள். எலும்பு ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு நிமிஷத்தில் உங்கள் கை சோர்ந்துவிடும். ஆள் மாற்றுங்கள். கூட்டத்தில் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஒருவர் கட்டாயம் நிற்பார். அவரைக் கூப்பிடுங்கள்.