அனுப்புநர் பெயரைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள்

எமக்குத் துணி அனுப்பும் வெளிநாட்டுக் கம்பனியின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதிப் பணத்தைப் புதிய இலக்கத்துக்கு அனுப்புங்கள் என்றிருந்தது. வங்கிக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டேன். அவர்கள் அப்படி எதுவும் அனுப்பவில்லை!

இது எப்படி முடிகிறது? தபால் உறையின் பின்புறம் எவர் பெயரையும் எழுதலாமல்லவா? 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் நடைமுறையும் அனுப்புநர் முகவரி உண்மையா என்று சோதிப்பதில்லை. எனவே முகவரியைப் பார்த்துத் தடுக்கும் வடிகட்டி போதாது. கள்ளன் நாளை வேறு பெயரில் வருவான்.

இதற்குப் பரிகாரமாகப் பின்னர் வந்தவையே எஸ்.பி.எஃப், டிகிம், டிமார்க் சோதனைகள். அவற்றின் பெறுபேறு மடலின் மறைவான 'ஹெடர்' பகுதியில் பதிவாகும். ஜீமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் காணலாம். எனக்கு வந்த மடலில் டிமார்க் 'ஃபெயில்' என்றிருந்தது.

அன்றே அவுட்லுக்கில் ஒரு விதி எழுதினேன்: ஹெடரில் 'டிமார்க்=ஃபெயில்' என்ற ஆங்கிலச் சொல் இருந்தால் மடலைத் தனிக் கோப்புறைக்கு மாற்று. தண்டர்பேர்டிலும் இவ்வாறு செய்யலாம். அழித்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். ஒருவர் வழியாக மறுபடி அனுப்பப்படும் நல்ல மடலும் சிலவேளை இச்சோதனையில் தவறும்.

விதி எழுதியதும் வேலை முடிந்துவிடாது. கம்பனியின் கடவுச்சொல்லே களவு போயிருந்தால் கள்ள மடலும் எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். ஆகவே கணக்கிலக்கம் மாறியதென்றால், உங்களிடம் ஏற்கனவே உள்ள தொலைபேசி இலக்கத்தில் பேசி உறுதிப்படுத்திய பின்பே பணத்தை அனுப்புங்கள்.