பிறந்த மண்ணுக்குத் திரும்பிய மருத்துவர்

கிறித்துவ சமயப் பணியாளர்களின் மகனாக, 1914-ஆம் ஆண்டு தமிழகத்தின் கொல்லிமலையில் பிறந்தவர் பால் பிராண்ட். ஒன்பது வயதில் படிப்பிற்காக இங்கிலாந்து சென்ற அவர், அறுவை மருத்துவராகி, 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார்.

தொழுநோயாளியின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே அன்று பலரும் நம்பினர். நோய் நரம்புகளைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுவதே காரணம் என பிராண்ட் கண்டறிந்தார். சுடுசட்டியைத் தொட்டால் நாம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். வலி தெரியாதவர் இழுப்பதில்லை. புண்மேல் புண்ணாகி விரல் தேய்கிறது. மடங்கிப்போன விரல்களுக்கோ, செயல்படும் தசையின் நாணை மாற்றிப் பொருத்தி அசைவைத் திரும்பத் தந்தார்.

கை நிமிர்ந்தது. ஆனால், வேலை கொடுப்பார் இல்லை. கை நேரானதால் பிச்சையும் குறைந்தது என்றனர் சிலர். ஆகவே, நலம் பெற்றவர்கள் தங்கித் தச்சு வேலை போன்ற தொழில்களைக் கற்க வழிசெய்தார்.

சிகிச்சைக்குப் பின் இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டதால்தான் அவர் பணி முழுமை பெற்றது. விடுமுறையில் தோட்டப்புறங்களுக்குச் சேவையாற்றச் செல்லும் நாமும், நாம் திரும்பிய பின் அங்கு என்ன நிலைக்கும் என்று கேட்போமாக!