ஒரு க்வேக்கர் குடியானவரின் கல் வீடு

அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள பிலடெல்பியா மாநகரின் தென்மேற்கு மூலையில், ஷூயில்கில் நதிதீரத்தில், பழைய கல் வீடு ஒன்று நிற்கிறது. அது பிரபு வாழ்ந்த மாளிகையன்று. கலப்பை பிடித்த ஒரு குடியானவர் தம் கையாலேயே கல்லைச் செதுக்கிக் கட்டிய வீடு. அவர் பெயர் ஜான் பார்ட்ரம். அவர் குடும்பத்தின் விருத்தாந்தம் அறிந்துகொள்ளத் தக்கது; அறிந்தபின் சற்று யோசிக்கவும் தக்கது.

வம்சம் வந்த வழி

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் 'நண்பர்கள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தார் தோன்றினர். பிறர் அவர்களை 'க்வேக்கர்' என்றனர். ஒவ்வொருவர் உள்ளத்திலும் தெய்வ ஒளி உண்டு; ஆகவே புரோகிதர் வேண்டாம், சத்தியப் பிரமாணம் வேண்டாம், யுத்தம் கூடவே கூடாது என்பது அவர்கள் கொள்கை. கூடியிருந்து மௌனமாகத் தியானிப்பதே அவர்களுடைய வழிபாடு. இக்காரணங்களால் சொந்த நாட்டில் சிறையும் அபராதமும் அநுபவித்த இவர்களுக்குப் புகலிடமாகவே வில்லியம் பென் என்பவர் பென்ஸில்வேனியாக் குடியேற்றத்தை ஏற்படுத்தினார்.

1682-ம் வருஷம் டெர்பிஷைரிலிருந்து கப்பலேறி வந்தவர்களுள் நம் ஜானின் பாட்டனாரும் ஒருவர். டார்பி என்ற ஊரில் அவர் நிலம் திருத்திக் குடியேறினார். 1699-ல் அங்கேதான் ஜான் பிறந்தார். அவருடைய தந்தை கரோலினாப் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்து, 1711-ல் பூர்வகுடிகளுடன் மூண்ட போரில் கொல்லப்பட்டார். அப்பொழுது ஜானுக்கு வயது பன்னிரண்டு. இந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

கலப்பையும் கடிதமும்

1728-ல் பகிரங்க ஏலத்தில் நதியோரமாக 102 ஏக்கர் நிலத்தை ஜான் வாங்கினார். அங்கிருந்த சிறு குடிலை விஸ்தரித்து இந்தக் கல் வீட்டைக் கட்டினார். முதல் மனைவி இறந்துபோகவே, 1729-ல் ஆன் மெண்டன்ஹால் என்ற மாதரசியை மணந்தார். சுவரிலுள்ள ஒரு கல்லில் புருஷன், மனைவி இருவர் பெயரையும் 1731 என்ற ஆண்டையும் இன்றும் காணலாம்.

உழுதுகொண்டிருந்தபோது ஒரு காட்டுப் பூவைக் கண்டு, 'இத்தனை காலம் செடிகளை அழித்தேனேயன்றி அவற்றை அறிந்தேனில்லையே' என்று அவர் வருந்தியதாக ஒரு கதை உண்டு. அது எழுத்தாளர் ஒருவர் கற்பனை கலந்து சொன்னது. கதை எப்படியாயினும், உயர்தரப் பள்ளியில் பயிலாத அந்தக் குடியானவர் தாமாகவே தாவர சாஸ்திரம் கற்றது மெய். அறுவடை முடிந்ததும் குதிரையேறிக் காடு மலைகளெல்லாம் சுற்றி விதைகளும் வேர்களும் சேகரிப்பார். அக்காலங்களில் வீட்டையும் நிலத்தையும் மக்களையும் பேணியவர் ஆன் அம்மையார். அவர் பெற்ற பிள்ளைகள் ஒன்பது பேர்.

லண்டன் நகரத்துத் துணி வியாபாரியும் க்வேக்கருமான பீட்டர் காலின்ஸன், ஜானுடன் பல்லாண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். சுமார் நூறு வகை விதைகள் அடங்கிய பெட்டி ஒன்றுக்கு ஐந்து கினி விலை. இங்கிலாந்துப் பிரபுக்களின் நந்தவனங்களில் அமெரிக்க மரங்கள் தழைத்தது இவ்விதமாகத்தான். 1743-ல் அமெரிக்கத் தத்துவ சங்கம் தோன்றியபோது பெஞ்சமின் பிராங்க்ளினுடன் ஜானும் அதில் சேர்ந்து உழைத்தார். 1765-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வருஷத்துக்கு 50 பவுன் சம்பளத்தில் அவரைத் தம் தாவர நிபுணராக நியமித்தார்.

கொள்கையும் நடத்தையும்

இதுவரையில் புகழ்ச்சிக்குரியதே. ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் மற்றப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

1758-ம் வருஷம் டார்பி க்வேக்கர் சபை ஜானை விலக்கிவிட்டது. இயேசுவின் தெய்விகத்தை அவர் ஒப்புக்கொள்ளாததே காரணம். அவர் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1770-ல், தாம் வணங்குவது ஏக கடவுளை மட்டுமே என்ற கருத்தைத் தம் வீட்டுக் கல்லிலேயே பொறித்து வைத்தார். மனச்சாட்சிக்காகச் சபையையும் எதிர்த்து நிற்கும் இத்தகைய உறுதி சாமானியமானதன்று.

அதே 1758-ல்தான் பிலடெல்பியா க்வேக்கர் மகாசபை, அடிமைகளை வாங்கி விற்பவர்கள் சபைக் காரியங்களில் பங்குபெறக் கூடாதென்று தீர்மானித்தது. எட்டு ஆண்டுகள் சென்றபின், 1766-ல், ஜான் என்ன செய்தார்? தம் மகன் வில்லியம் பிளாரிடாவில் பண்ணை வைப்பதற்காக ஆறு அடிமைகளை விலைக்கு வாங்கிக் கொடுத்தார்! வீட்டுக் கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவர், அந்த அறுவரும் தம்மைப்போலவே பெயரும் உள்ளொளியும் உடையவர்கள் என்பதை மறந்தார். பூர்வகுடிகளிடமும் அவர் கடுமையான எண்ணமே கொண்டிருந்தார். சுயமாகச் சிந்திக்கும் துணிவு அவரிடம் இருந்தது. ஆனால் தந்தையை இழந்த சோகமும் பிள்ளையை முன்னேற்றும் ஆசையும் குறுக்கிட்ட இடங்களில் அந்தத் துணிவு அவருக்கு உதவவில்லை.

மகன் கண்ட வழி

அந்தப் பண்ணை ஒரு வருஷத்துக்குள் பாழாயிற்று. வியாபாரத்திலும் வேளாண்மையிலும் தோல்வியே கண்ட வில்லியம், 1773 முதல் சில ஆண்டுகள் தென்பிரதேசக் காடுகளில் செடிகளைத் தேடித் திரிந்தார். பூர்வகுடிகளின் கிராமங்களில் தங்கினார். ஸெமினோல் தலைவர் ஒருவர் அவருக்குப் 'பூத் தேடுபவர்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பாட்டனாரைப் போரில் இழந்த குடும்பத்தின் பேரன், பூர்வகுடிகளின் பண்பைப் பாராட்டி 1791-ல் தம் யாத்திரை நூலை வெளியிட்டார். அடிமை வழக்கத்தைக் கண்டித்து அவர் எழுதிய வேண்டுகோள் ஒன்றும் இருக்கிறது. குடும்பத் தோட்டத்தின் செடிப் பட்டியல் அச்சிட்ட தாளின் பின்புறத்தில் அதை எழுதினார்.

1765-ல் தந்தையும் மகனுமாக ஜார்ஜியாவில் அல்டமஹா நதிக்கரையில் ஒரு சிறு மரத்தைக் கண்டிருந்தார்கள். தேயிலையின் இனத்தைச் சேர்ந்தது. வெண்ணிறப் பூப் பூப்பது. வில்லியம் மீண்டும் அங்கே சென்று விதை கொணர்ந்து வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தார். பிராங்க்ளினின் நினைவாக அதற்குப் 'பிராங்க்ளினியா' என்று பெயரிட்டார்கள். 1803-க்குப் பிறகு காட்டில் அந்த மரத்தை எவரும் காணவில்லை. இன்று உலகில் எங்கு பிராங்க்ளினியா பூத்தாலும், அது அந்தக் குடியானவரின் தோட்டத்து மரத்தின் சந்ததியே.

ஜான் 1777-லும் வில்லியம் 1823-லும் காலமானார்கள். 1850-ல் நிலம் அன்னியர் கைக்கு மாறிற்று. நல்லவேளையாக வாங்கியவர் தோட்டத்தை அழிக்காமல் காத்தார். 1891 முதல் அது பிலடெல்பியா நகரத்தின் பொதுச் சொத்து.

முன்னோர் விட்டுச் செல்லும் உடைமை நிலமும் வீடும் மட்டுமல்ல. அவர்கள் தீர்க்காமல் விட்ட கணக்கும் அதில் சேர்ந்ததே. ஜான் பார்ட்ரம் அழகிய தோட்டத்தையும் விட்டுச் சென்றார், திருத்த வேண்டிய பிழையையும் விட்டுச் சென்றார். வில்லியம் தோட்டத்துக்கு நீர் வார்த்தார். பிழையைப் பிழை என்று எழுதவும் செய்தார். தந்தைக்கு மகன் ஆற்றும் கடமை அவர் சொன்னதையெல்லாம் ஆமோதிப்பதன்று. நல்லதை வளர்த்து, அல்லாததைத் தன் தலைமுறையோடு நிறுத்துவதே மெய்யான பிதிர்க்கடன்.