பூட்டு வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோடை விடுமுறை வந்தால் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, வீட்டைப் பூட்டிவிட்டுக் கப்பலிலோ விமானத்திலோ தமிழகம் சென்று ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கி வருவது வழக்கம். அந்த நாட்களில் வீட்டுக்குக் காவல் கதவில் தொங்கும் பூட்டு ஒன்றுதான். சேலை எடுக்கப் பத்துக் கடை ஏறி இறங்கும் நாம், பூட்டை மட்டும் கையில் கனமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறோம். "களவும் கற்று மற" என்பது பழமொழி. பூட்டை எப்படித் திறப்பார்கள் என்று தெரிந்தால்தான் எது நல்ல பூட்டு என்பதும் புரியும்.

சிறைச்சாலை தரும் பாடம்

1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட நம் ஊர்ச் செல்லுலார் சிறைக்கு உறவினர்களை அழைத்துச் செல்லும்போது, அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். அது கதவைத் தாண்டி நீண்டு, சுவரில் உள்ள மாடத்துக்குள் போய் அங்கே பூட்டப்படும். கம்பி வழியே கைதி எவ்வளவு கை நீட்டினாலும் பூட்டு எட்டாது. பூட்டின் தரத்தைப் போலவே அது இருக்கும் இடமும் முக்கியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. விலையுயர்ந்த பூட்டைப் போட்டு, கொண்டியை அரை அங்குலத் திருகாணியில் நிறுத்தினால் பூட்டை யாரும் தொட வேண்டியதே இல்லை. கொண்டியைப் பெயர்த்துவிடலாம்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண உருளைப் பூட்டில் சிறிய ஊசிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. மேலே ஒரு சுருள்வில். சரியான சாவி நுழைந்ததும் எல்லா ஊசிகளின் பிளவும் ஒரே கோட்டுக்கு வரும், உருளை திரும்பும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1860களில் செம்மைப்படுத்திய முறை இது. லீவர் பூட்டில் ஊசிகளுக்குப் பதில் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் சாவி சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும்.

சாவியில்லாமல் திறப்பவர் உருளையை மெல்லத் திருகிப் பிடித்துக்கொண்டு, இறுகும் ஊசியை முதலில் தூக்குவார், பிறகு அடுத்தது. துளைகள் நூலிழை பிசகியிருப்பதால்தான் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகுகின்றன. எனவே வேலைப்பாடு துல்லியமாக ஆக, திறப்பதும் கடினமாகும்.

லண்டனில் பிராமா நிறுவனம் 1790இல் ஒரு பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தது. 1851இல்தான் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதைத் திறந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. திறக்கவே முடியாத பூட்டு என்று எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே கேள்வி. திருடனுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

திண்டுக்கல் பூட்டு

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கையால் செய்யப்படும் லீவர் பூட்டு. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு எனப் பல வகை உண்டு. அலிகாரின் இயந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டியிட முடியாமல் இத்தொழில் நலிந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது பட்டறையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேரில் வாங்கி வரலாம். ஆனால் இரும்புப் பாகங்களை இங்கே நன்கு பராமரிக்க வேண்டும்.

தீவுக் காற்றுக்கு எது ஏற்றது?

நம் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை, காற்றில் எப்போதும் உப்பு. முலாம் பூசிய இரும்பு வளையத்தில் பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறும். பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளையமும் நல்லது. அந்த எஃகிலும் 304 வகையைவிட, மாலிப்டினம் கலந்த 316 வகை உப்பை நன்றாகத் தாங்கும். உருளைப் பூட்டில் ஐந்து ஊசிக்கும், லீவர் பூட்டில் ஆறு லீவருக்கும் குறையாமல் பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். பென்சில் தூள் வறண்ட ஊர்களுக்குச் சரி. உப்பு ஈரத்தில் அது உலோக அரிப்பைத் தூண்டும். டெஃப்லான் கலந்த உலர் மசகு போதும்.

பூட்டுத் திறக்கும் கருவிகள்

பூட்டுத் தொழில் கற்க விரும்பும் இளைஞர்கள் முப்பது துண்டு கொண்ட மலிவான தொகுப்பை வாங்கி ஏமாற வேண்டாம். ஒன்றிரண்டு கொக்கிகள், இரண்டு மூன்று திருகுபட்டைகள், பயிற்சிக்கு ஒரு கண்ணாடிப் பூட்டு ஆகியவை போதும். கொக்கி, ஏறத்தாழ அரை மி.மீ. தடிப்புள்ள வில்லெஃகில் விளிம்பு மழமழப்பாக இருக்க வேண்டும். மட்டமான தகடு வளையும். உள்ளே முறிந்தால் பூட்டே வீண். எஃகின் வகையையும் தடிப்பையும் சொல்லாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள். பயிற்சி உங்கள் சொந்தப் பூட்டில், அதுவும் பயன்பாட்டில் இல்லாத பூட்டில் மட்டுமே. கதவில் உள்ள பூட்டு பயிற்சியில் கெட்டுப்போகலாம்.

இணையத்தில் வாங்கும்போது

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபின் இணையக் கொள்முதல் நமக்கு எளிதாகிவிட்டது. வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. 744இல் தொடங்கும் நம் பின்கோடுக்கு அனுப்புவார்களா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது?

2. விற்பவரின் பெயர், முகவரி, குறைதீர்க்கும் அலுவலர், பொருள் செய்யப்பட்ட நாடு ஆகியவை தரப்பட்டுள்ளனவா? 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

3. பாராட்டுகளை மட்டும் படிக்காதீர்கள். ஆறு மாதம் பயன்படுத்தியவர்களின் குறைகளைத் தேடிப் படியுங்கள்.

4. பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாவியின் படத்தை எங்கும் போடாதீர்கள். அதைப் பார்த்தே மறுசாவி வெட்டிவிட முடியும்.

தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.

புதிய பூட்டைப் பயணத்துக்கு முதல்நாள் வாங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே மாட்டி, தினமும் திறந்து மூடிப் பழக்குங்கள். குறை இருந்தால் மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஒரு சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் புறப்படுங்கள்.