மணியடித்த பிறகு

மேடை மல்யுத்தம் என்றால் சேரன்மகாதேவி டீக்கடையில் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘நெசமாவே அடிக்கானுவளா?’ ரோலான் பார்த் 1957-லேயே இதை ஒதுக்கிவிட்டார். அது போட்டியல்ல, காட்சி. பார்வையாளன் தேடுவது நியாயத்தை.

பிரெட் ஹார்ட்டுக்கு நேர்ந்ததை இப்படித்தான் வாசிக்க வேண்டும். 1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். எதிர்க் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகவிருந்த அந்தக் கனடாக்காரர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலேயே, முதலாளி வின்ஸ் மக்மஹன் மணியடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார். சொந்த ஜனங்கள் முன்னால் வஞ்சிக்கப்பட்டவன். புது முதலாளிக்கு இதைவிட என்ன கதை வேணும்?

டிசம்பர் 28-ல் வில்லன் ஹோகனுக்கும் ஸ்டிங்குக்கும் ஆட்டம். நடுவர் ஹோகனுக்காக வேகமாக எண்ண வேண்டும். ஹார்ட் வந்து, ‘இன்னொருவாட்டி இது நடக்க விடமாட்டேன்’ என்று தடுக்க வேண்டும். நடுவரோ சாதாரணமாகத்தான் எண்ணினார். அநியாயத்தின் குறி யார் கண்ணிலும் படவில்லை. எதிர்ப்பின் குறி மட்டும் அந்தரத்தில் நின்றது. ஹார்ட்டின் காயத்தை இன்னொருத்தன் வெற்றிக்கு ஒட்டுப்போடச் செலவழித்தாயிற்று. 1998 ஏப்ரலில் அதே ஹோகன் ஜெயிக்க அவரையே கைகொடுக்க வைத்தார்கள். கூத்தில் அபிமன்யுவைத் துரியோதனன் பக்கம் நிறுத்தின மாதிரி.

சம்பளம் கொடுத்தது உடம்புக்கு. ஜனங்கள் அதன்மேல் ஏற்றிவைத்திருந்த கதையை வாங்கத் தெரியவில்லை. உடம்பும் தப்பவில்லை. 1999 டிசம்பர் 19-ல் கோல்ட்பர்கின் உதை தலையில் விழுந்தது. 2000 அக்டோபரில் ஓய்வு. 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வை மக்மஹனே விலைக்கு வாங்கினார்.