வானத்தில் கூட்டமே இல்லை... ஆனாலும் மோதிக்கொண்ட விமானங்கள்! காரணம் ஒரு டெலிபோன்?

அடுப்பில் பால் இருக்கிறது. வாசலில் டெலிவரி பாய் ஓ.டி.பி கேட்கிறார். அது வந்து தொலைய மாட்டேன் என்கிறது. நீங்கள் போனையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு நிற்கிற அந்த ஒரு நிமிஷத்தில் பால் பொங்கி வழிந்திருக்கும். 2002, ஜூலை 1 இரவு சூரிச் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால், அங்கே போனது 71 உயிர்கள்.

வானத்தில் பெரிய டிராஃபிக் இல்லாத நேரம் அது. அதனால் டியூட்டியில் இருந்த இரண்டு கன்ட்ரோலர்களில் ஒருவர் ஓய்வெடுக்கப் போய்விட்டார். ராத்திரி ஷிஃப்ட்டில் அது அங்கே வழக்கம்தான், நிர்வாகத்துக்கும் தெரியும். மிச்சமிருந்தவர் தனியாளாக இரண்டு ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குன்னு பார்த்து பராமரிப்பு வேலை வேறு. மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் எச்சரிக்கை வசதி இயங்கவில்லை. மெயின் டெலிபோன் லைனும் கட்.

அப்போதுதான் தாமதமாக வந்த ஓர் ஏர்பஸ், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் விமான நிலையத்தில் இறங்கத் தயாரானது. அங்கே தகவல் சொல்ல போன் போட்டார். மாற்று லைனும் பழுது. திரும்பத் திரும்ப முயற்சி செய்தார். கவனம் முழுக்க அந்தப் போனிலும் ஏர்பஸ்ஸிலும்!

இன்னொரு திரையில், ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த டுபோலெவ் விமானமும், டி.ஹெச்.எல் சரக்கு விமானமும் ஒரே 36,000 அடி உயரத்தில் நெருங்கிக்கொண்டிருந்தன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மையத்தில் இருந்தவர்கள் சுமார் 2 நிமிடங்களுக்கு முன்பே இதைக் கவனித்துவிட்டார்கள். சூரிச்சுக்கு போன் அடித்தார்கள். லைன் கிடைத்தால்தானே?

மோதலுக்கு வெறும் 43 விநாடிகள் இருக்கும்போதுதான் கன்ட்ரோலர் பார்த்தார். டுபோலெவ்வைக் கீழே இறங்கச் சொன்னார். அதே நேரம், விமானத்துக்குள் இருக்கும் டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவி, 'மேலே ஏறு' என்றது. டுபோலெவ் விமானிகள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள். டி.ஹெச்.எல் விமானிகள் தங்கள் கருவி சொன்னபடி கீழே இறங்கினார்கள். பிரச்னை முடிந்தது என்று நம்பி, கன்ட்ரோலர் மறுபடி ஏர்பஸ் பக்கம் திரும்பிவிட்டார். ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டும் மோதின. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

கவனச்சிதறல் என்றதும் நமக்கு ரீல்ஸ்தான் ஞாபகம் வரும். சொந்த போன்காலால் வந்த வினையும் உண்டு. 2009-ல் நியூயார்க்கின் ஹட்சன் நதி மேலே ஒரு குட்டி விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தபோது, அந்த விமானத்தை அனுப்பிவைத்த கன்ட்ரோலர் பர்சனல் காலில் இருந்தார். ஆனால், சூரிச்காரர் அரட்டை அடிக்கவில்லை பாஸ். வேலைக்குள்ளேயே ஒரு வேலை இன்னொரு வேலையைத் தின்றுவிட்டது. இது வெளியிலிருந்து பார்த்தால் கவனச்சிதறல் மாதிரியே தெரியாது என்பதுதான் ஆபத்து!

கன்ட்ரோலரும் டிகாஸும் வேறு வேறாகச் சொன்னால், விமானி டிகாஸ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்பதை இந்த விபத்துக்குப் பிறகு சர்வதேச விதிகளில் தெளிவாக்கினார்கள். 2007-ல், சூரிச் மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாகிகள் 4 பேரைக் குற்றவாளிகள் என்றது சுவிஸ் நீதிமன்றம்.

அதைக் கேட்க அந்தக் கன்ட்ரோலர் உயிரோடு இல்லை. விபத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்த ஒருவர், 2004-லேயே வீடு தேடி வந்து அவரைக் குத்திக் கொன்றிருந்தார்.