படுக்கையருகே நிற்பவர் யார்?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கு நோக்கி ஓடும் நெடுஞ்சாலை நம் குடும்பங்களின் வாழ்வோடு பின்னிப் பிணைந்தது. நாமக்கல்லின் லாரிகளும் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் பாரதம் முழுவதும் சென்று உழைத்துத் திரும்புகின்றன. அச்சாலை நமக்குச் சோறு போடுகிறது. அதுவே சில இரவுகளில் நம் பிள்ளைகளைப் பறித்தும் விடுகிறது.

தலையில் பலத்த காயமுற்ற இளைஞன் ஒருவனை உறவினர் சேலத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதாக எண்ணிப் பார்ப்போம். இரண்டு நாட்கள் கழிகின்றன. தாய் செபமாலையும் கையுமாய் வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கிறாள். மருத்துவர் வந்து, "மூளை இறந்துவிட்டது" என்கிறார். ஆனால் மகனின் மார்போ ஏறி இறங்குகிறது. உடலில் சூடு இருக்கிறது. இது எப்படிச் சாவாகும் என்று அவள் திகைத்து நிற்கையில் இன்னொருவர் வந்து அருகே அமர்கிறார். சிறிது நேரம் சென்றபின், மகனின் உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்க விருப்பமுண்டா என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியைக் கேட்பவர் யார்? கேட்கும் தகுதியை அவருக்கு அளித்தது யார்? உறுப்புக் கொடையைப் பற்றி நாம் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதரைப் பற்றியோ மிகக் குறைவாகவே அறிந்திருக்கிறோம். அவரைப் பற்றிச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூளைச் சாவு என்பது யாது?

முதலில் தாயின் திகைப்புக்கு விடை காண்போம். மூச்சையும் உணர்வையும் ஆளும் மூளைத் தண்டு முற்றிலும் அழிந்து போனால் மனிதன் தானாக மூச்சு விட இயலாது. மார்பு ஏறி இறங்குவது செயற்கைச் சுவாசக் கருவியின் வேலை. அக்கருவி தரும் பிராணவாயுவினால் இதயம் சில காலம் துடிக்கும். பின்னர் அதுவும் நின்றுவிடும். நினைவிழந்து 'கோமா'வில் கிடப்பவர் வேறு, மூளைச் சாவடைந்தவர் வேறு. முன்னவர் சில வேளைகளில் எழுந்து நடமாடியதுண்டு, பின்னவர் திரும்பியதில்லை.

இதனை ஒரே மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்துவிட முடியாது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு மருத்துவர்களின் கையொப்பத்தைக் கேட்கிறது: மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர், சிகிச்சையளித்த மருத்துவர், அரசு ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து சுதந்திரமான நிபுணர் ஒருவர், நரம்பியல் அல்லது மூளை அறுவை நிபுணர் ஒருவர். நரம்பியல் நிபுணர் கிடைக்காத இடங்களில் மயக்க மருந்து நிபுணர் போன்றோர் அவ்விடத்தில் கையொப்பமிடலாம் என்று 2011-ஆம் ஆண்டின் திருத்தம் வழி செய்தது. பரிசோதனைகள் இருமுறை நிகழவேண்டும். பெரியவர்களுக்கு இடையே ஆறு மணி நேரமாவது கழிய வேண்டும். சுவாசக் கருவியின் துணையை விலக்கி, தானாக மூச்சு எழுகிறதா என்று காண்பதும் அப்பரிசோதனைகளுள் ஒன்று. உறுப்பைப் பொருத்தும் மருத்துவர்களுக்கு இம்முடிவில் பங்கில்லை.

கேள்வி கேட்பவரின் தகுதி

மருத்துவர்கள் தம் கடமையை முடித்தபின் குடும்பத்தாரோடு பேச வருபவரே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். முன்னாளில் இவ்வேலைக்கெனத் தனியே ஒருவர் இல்லாத மருத்துவமனைகளே மிகுதி. நேரமில்லாத மருத்துவர் நின்றபடியே கேட்பதும், அழுதுகொண்டிருக்கும் உறவினர் கோபித்து எழுவதும் இயல்பன்றோ? 2011-இல் செய்யப்பட்ட திருத்தம் இக்குறையைப் போக்க முயன்றது. உறுப்பு மாற்றுக்குப் பதிவு பெற விரும்பும் மருத்துவமனை ஒவ்வொன்றும் தகுதியுள்ள ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 2014-ஆம் ஆண்டின் விதிகள் அத்தகுதியை வரையறுத்தன. மருத்துவப் பட்டம் பெற்றவரோ, செவிலியரோ, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவரோ இப்பணிக்கு வரலாம். சமூகப் பணி, சமூகவியல் போன்றவற்றில் முதுகலை பயின்றவர் விரும்பத்தக்கவர். தொடக்கத்தில் பயிற்சியும், பின்னர் அவ்வப்போது மறுபயிற்சியும் அளிப்பது நிறுவனத்தின் கடமை.

பயிற்சியில் கற்பது என்ன? துக்கத்தில் ஆழ்ந்தோரிடம் பேசும் முறையே முதற்பாடம். சாவுச் செய்தியையும் கொடைக் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லலாகாது. மகன் இறந்தான் என்பதைக் குடும்பம் புரிந்துகொண்ட பின்னரே அடுத்த பேச்சு. அவர்கள் 'வேண்டாம்' என்றால் அத்துடன் நிறுத்திக்கொண்டு அவர்களுக்கு வேண்டிய உதவியைச் செய்ய வேண்டும், வற்புறுத்தல் கூடாது.

அடுத்தது சட்டம். சாலை விபத்தென்றால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் உண்டு. விசாரணை அதிகாரியின் இசைவைப் பெற்று, இரண்டு வேலைகளையும் தாமதமின்றி ஒழுங்கு செய்பவர் இவரே. அதன்பின் காலத்தோடு போட்டி: எடுக்கப்பட்ட இதயத்தை ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் பொருத்த வேண்டும், கல்லீரலும் சிறுநீரகமும் சற்று அதிக நேரம் தாங்கும். இத்தனை ஓட்டத்துக்கும் நடுவே, உடலைத் தைத்து, தூய்மை செய்து, மரியாதையோடு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும்வரை அவர்களைத் தனியே விடாதிருப்பவரே நல்ல ஒருங்கிணைப்பாளர்.

பிற நாடுகள் கற்றுத்தரும் பாடம்

ஸ்பெயின் நாடு 1989-இல் தேசிய உறுப்பு மாற்று நிறுவனத்தைத் தொடங்கியது. மருத்துவர் ரஃபேல் மத்தேசான்ஸ் தலைமையில் ஒவ்வொரு பெரிய மருத்துவமனைக்குள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள். 1991 முதல் பார்சிலோனாவில் அவர்களுக்கெனத் தனிப்பயிற்சியும் நடைபெறலாயிற்று. அப்போது பத்து இலட்சம் மக்களுக்குப் பதினான்கு பேர் என்றிருந்த கொடையாளர் எண்ணிக்கை, பின்னாளில் ஐம்பதை நெருங்கியது. மக்களின் மனம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அவர்களிடம் பேசும் மனிதர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். நம் பாரதத்திலோ, இறந்தபின் உறுப்பளிப்போர் பத்து இலட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை.

அமெரிக்காவில் 1988-இல் உறுப்பு மாற்றுப் பணியாளருக்கான சான்றளிக்கும் வாரியம் ஒன்று தோன்றியது. அது மருத்துவமனைகளைச் சாராத அமைப்பு. குறிப்பிட்ட காலம் பணியாற்றியவரே அதன் தேர்வை எழுதலாம். பெறும் சான்று வாழ்நாள் முழுமைக்கும் செல்லாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவம் மாறுகிறது, சட்டம் மாறுகிறது, மனிதன் கற்றதை மறக்கிறான் என்பதே அதன் உட்பொருள். நம் விதிகள் பட்டத்தையும் பயிற்சியையும் கேட்கின்றன. இத்தகைய பொதுத் தேர்வையும் புதுப்பிக்கும் சான்றையும் கேட்கவில்லை. அவற்றையும் சேர்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

தமிழகம் நடந்த வழி

நம் மாநிலத்தின் கதையும் பெருமைக்குரியதே. 1997-இல் சென்னையில் தோன்றிய மோகன் அறக்கட்டளை, ஒருங்கிணைப்பாளர் பயிற்சியைத் தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாக்கி, பல மாநிலத்தவரையும் பயிற்றுவித்து வருகிறது. 2008-இல் தமிழக அரசு இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவை நிபுணர் ஜோ. அமலோற்பவநாதன் அதனை ஒருங்கிணைத்து நடத்தினார். அவ்வாண்டு செப்டம்பரில் விபத்தில் மூளைச் சாவுற்ற சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோரே கொடுக்க முன்வந்தனர். அச்சிறுவனின் பெயர் தமிழகத்தின் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. திட்டம் வளர்ந்து, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் என்னும் அமைப்பாயிற்று. எந்த உறுப்பு யாருக்கு என்பதை மருத்துவமனையன்று, பதிவு வரிசையே தீர்மானிக்கிறது. உறுப்பளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார்.

பள்ளிபாளையத்தின் கண்ணீர்

இத்தனை நன்மைக்கும் நடுவே நம் மண்ணிலேயே ஒரு கறை படிந்தது. 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தின் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிவந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று அனுமதி நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைக்க ஆணையிட்டது.

இறந்தவரின் கொடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. துன்பத்தில் தவிக்கும் வீட்டின் கதவை இருவர் தட்டுகின்றனர். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், மற்றவன் தரகன். முன்னவருக்குப் பெயர் உண்டு, பதிவு உண்டு, பதில் சொல்லவேண்டிய பொறுப்பு உண்டு. பணத்தைப் பற்றி அவர் பேசமாட்டார். பின்னவனுக்கு முகவரியே இல்லை. அவன் முதலில் பேசுவதே பணத்தைத்தான். நல்லவர் நில்லாத வாசலில் தீயவன் எளிதாக நுழைந்துவிடுகிறான்.

உயிரோடிருப்பவர் உறுப்பளிப்பதற்குச் சட்டம் வகுத்த வழி குறுகலானது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரே நெருங்கிய உறவினர். பிறர் அன்பின் காரணமாகக் கொடுப்பதானால் அங்கீகாரக் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். விற்பனைக்கும் தரகுக்கும் ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், இருபது இலட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டம் இருந்தும் தவறு நிகழ்ந்ததே, சான்றிதழால் என்ன பயன் என்று சிலர் கேட்பர். உண்மைதான், காகிதம் மனச்சாட்சியைத் தருவதில்லை. ஆனால் பயின்று, தேர்வெழுதி, பெயரைப் பதிவு செய்த பணியாளர் தவறினால் அவரைக் கண்டுபிடிக்கலாம், சான்றைப் பறிக்கலாம். எதிரே அமர்ந்திருப்பவர் தம் விருப்பத்தால் வந்தவரா, கடனால் தள்ளப்பட்டு வந்தவரா என்று கேட்டறியும் கலையையும் பயிற்சிதான் கற்பிக்க முடியும்.

திருச்சபை கூறுவது

உறுப்பில்லாத உடலைப் புதைத்தால் உயிர்த்தெழும் நாளில் குறையோடு எழுவோமோ என்று நம் முதியோரிற் சிலர் அஞ்சுவதுண்டு. மண்ணோடு மண்ணாகிவிட்ட நம் முன்னோரையும் எழுப்ப வல்லவர் இறைவன் என்பதை அவர்களுக்கு அன்போடு எடுத்துரைப்போம். சாவின் நேரத்தைத் தெளிவுபடுத்துவது மருத்துவரின் பொறுப்பு என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இலேயே கூறியுள்ளார். 1995-இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' மடலில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உறுப்புக் கொடையைப் போற்றினார். 2000 ஆகஸ்டில் உரோமையில் கூடிய உறுப்பு மாற்று நிபுணர்களிடம், மனித உடல் வாணிபப் பொருளன்று என்றும், முழுமையாக அறிந்து அளிக்கும் சம்மதம் இன்றியமையாதது என்றும் வலியுறுத்தினார். அறிந்து அளிக்கும் சம்மதம் வேண்டுமெனில், அறியும்படி எடுத்துச் சொல்லும் மனிதர் வேண்டுமன்றோ?

நம் கடமை

வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நல்ல நாளொன்றில் இதுபற்றிப் பேசிவைப்போம். உறுதிமொழி அட்டையில் கையொப்பமிட்டவரின் விருப்பத்தையும், அந்த நேரத்தில் நிறைவேற்றுபவர் குடும்பத்தாரே. அத்தகைய நேரம் வந்துவிட்டால் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் பெயர் என்ன, நீங்கள் இம்மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரா, இருமுறை பரிசோதனையும் முடிந்ததா, நான்கு கையொப்பங்களும் இடப்பட்டனவா என்று கேட்பது அவமரியாதையன்று, உரிமை. சம்மதம் அளித்தபின் அவ்வுடலைப் பராமரிக்கும் செலவைக் குடும்பத்தாரிடம் வாங்கலாகாது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

இன்னுமொன்று. நம் பங்குகளில் செவிலியராகவும் சமூகப் பணிப் பட்டதாரிகளாகவும் எத்தனையோ இளைஞரும் இளம்பெண்களும் இருக்கின்றனர். வேலை தேடும் அவர்களுக்கு இப்படியும் ஒரு பணி உண்டென்று யார் சொல்லியிருக்கிறார்கள்? இரவில் தொலைபேசி ஒலித்தால் எழுந்து ஓடவேண்டிய பணி. அழுவோர் நடுவே அமரவேண்டிய பணி. இப்பணியை நன்றாகச் செய்தால் ஒரே கொடையாளரால் எட்டு உயிர்கள் வரை பிழைக்கலாம். அதற்குரிய பயிற்சியைப் பெற அவர்களை ஊக்குவிப்போம்.

தாழ்வாரத்தில் செபமாலையோடு அமர்ந்திருக்கும் அந்தத் தாய் 'சரி' எனலாம், 'வேண்டாம்' எனலாம். எதைச் சொன்னாலும், அவளிடம் உண்மையைப் பொறுமையோடு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் அவளருகே இருக்க வேண்டும். அவரை ஆயத்தம் செய்வது அரசின் கடமை மட்டுமன்று, நம் கடமையுமாகும்.